அமெரிக்க எம்.பி.க்களின் கடிதம் தீர்ப்பும் அல்ல, விசாவும் அல்ல

வெளிநாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தங்கள் அரசுக்குக் கடிதம் எழுதி, நட்பு நாடொன்றில் மதச் சுதந்திரம் நலிவதையும் தீவிரப் போக்கு வளர்வதையும் பற்றிக் கேள்வி எழுப்புமாறு வற்புறுத்தினால், அக்கடிதத்தின் நகல் எப்படியோ சென்னை தம்புச் செட்டித் தெருவிலுள்ள வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கொண்டுவருபவர்களில் ஒரு சாரார் அதை மீட்பு ஆணையாகவும், மறு சாரார் இந்தியாவின் மீதான படையெடுப்பாகவும் நினைக்கிறார்கள். இருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அண்மையில் ராயபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவர் பிளாஸ்டிக் கோப்புடன் வந்தார். உள்ளே அத்தகைய கடிதம் ஒன்றின் கலர் ஜெராக்ஸும், முத்திரைத்தாளில் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட பிரமாணப் பத்திரமும் இருந்தன. “நோட்டரி கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்னாங்க, வக்கீல் சார்” என்றார். தம்முடைய ஜெபக்கூடம் எரிக்கப்பட்டதாகவும், உயிருக்கு அஞ்சிக் குடும்பத்தோடு தலைமறைவாக வாழ்வதாகவும் அதில் எழுதியிருந்தது. விசாரித்தபோது, நடந்தது ஒலிபெருக்கி குறித்துப் பக்கத்து வீட்டார் கொடுத்த புகாரும், காவல் நிலையத்தில் பேசி முடித்த சமரசமும்தான் என்று தெரிந்தது. நான்காவது பத்தியில் வேறு யாருடைய பெயரோ திருத்தப்படாமல் கிடந்தது. அதே வாசகத்தை எத்தனை பேருக்கு விற்றார்களோ தெரியவில்லை. ‘மதச் சுதந்திர விசா’ வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டுக்கு, மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கடிதம் போலி அல்ல, சிக்கலே அதுதான். 2023 ஜூன் மாதம், இந்தியப் பிரதமரின் அரசுமுறைப் பயணத்துக்குச் சற்று முன்பாக, செனட்டர் கிறிஸ் வான் ஹோலனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரமிளா ஜெயபாலும் முன்னின்று, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த 75 பேர் கையெழுத்திட்ட கடிதம் அது. ஜெயபால் சென்னையில் பிறந்தவர் என்பதால், ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்ற பெருமிதத்தோடு அது நம் பகுதியில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதை யாருக்கு எழுதியிருக்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அது அதிபர் பைடனுக்கு எழுதப்பட்டது. இந்திய அரசுக்கு அதில் ஒரு கட்டளையும் இல்லை. மத சகிப்பின்மை, பத்திரிகைச் சுதந்திரம், இணைய முடக்கம் ஆகியவற்றை மற்ற விஷயங்களோடு சேர்த்துப் பேசுங்கள் என்று தங்கள் அதிபரைக் கேட்டுக்கொண்டதோடு, இந்தியாவில் எந்தத் தலைவரையும் எந்தக் கட்சியையும் தாங்கள் ஆதரிக்கவில்லை என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள். அதே வாரத்தில் வெள்ளை மாளிகையில் பிரதமருக்குச் சிவப்புக் கம்பள வரவேற்பு நடந்தது. போர் விமான எஞ்சின்களை அமெரிக்காவின் ஜிஇ நிறுவனமும் இந்திய அரசின் எச்ஏஎல் நிறுவனமும் சேர்ந்து தயாரிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

என்னிடம் வழக்குக்காக வருபவர்கள் எல்லாவற்றையும் ‘அமெரிக்கா சொல்லிடுச்சு’ என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவதால், இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.பி.க்களின் கடிதம் என்பது கையெழுத்திட்டவர்களின் கருத்து. பிரதிநிதிகள் சபையில் 435 பேரும் செனட்டில் 100 பேரும் இருக்கும்போது, 75 பேர் எழுதியது அவைகளின் கருத்துகூட ஆகாது. அவையில் கொண்டுவரப்படும் தனித் தீர்மானம் அதற்கு அடுத்த படி என்றாலும், அது நிறைவேறினாலும் சட்டமாகாது. அதிபரின் கையெழுத்துக்கே அது போகாது. 2019 டிசம்பரில் காஷ்மீரின் தகவல்தொடர்புத் தடை குறித்தும் மதச் சுதந்திரம் குறித்தும் இதே ஜெயபால் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறவே இல்லை. சர்வதேச மதச் சுதந்திரத்துக்கான அமெரிக்க ஆணையம் என்பது ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட பரிந்துரை அமைப்பு; 2020 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் இந்தியாவைக் ‘குறிப்பிட்ட கவலைக்குரிய நாடு’, அதாவது மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறும் நாடு, என்று அறிவிக்கச் சொன்னது. டிரம்ப் ஆட்சியாகட்டும், பைடன் ஆட்சியாகட்டும், அவர்களுடைய வெளியுறவுத் துறை அதை ஏற்கவில்லை. முதலில் கடிதம், பிறகு தீர்மானம், பிறகு ஆணையப் பரிந்துரை என்று இவை எதுவும் தானாக ஏறிச் சட்டமாக முடிவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி.

சரி, அந்தக் ‘கவலைக்குரிய நாடுகள்’ பட்டியலில் சேர்த்துவிட்டால் தடை வந்துவிடுமா? அங்கேதான் ‘நட்பு நாடு’ என்ற தகுதி வேலை செய்கிறது. 1998-ஆம் ஆண்டின் சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்திலேயே, அமெரிக்காவின் முக்கிய தேசிய நலன் கருதி நடவடிக்கையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அதிபருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சவூதி அரேபியா 2004-இல் பட்டியலில் ஏறியது, தள்ளுபடி பெற்றது. பாகிஸ்தான் 2018-இல் ஏறியது, தள்ளுபடி பெற்றது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2021 ஏப்ரலில், பாகிஸ்தானின் மதநிந்தனைச் சட்டங்களைக் கண்டித்து, அந்நாட்டுக்கு அளிக்கப்படும் வர்த்தகச் சலுகையை மறுபரிசீலனை செய்யுமாறு பெரும் ஆதரவோடு தீர்மானம் போட்டது, சலுகை தொடர்ந்தது. சட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இவையெல்லாம் வெற்றுக் காகிதம் என்று நான் சொல்லவில்லை. அதே 1998 சட்டத்தால் வந்த ஒரு பிரிவைக் காட்டித்தான் 2005-இல் அன்றைய குஜராத் முதல்வரிடம் ஏற்கெனவே இருந்த அமெரிக்க விசா ரத்து செய்யப்பட்டது. 2016-இல் அதிபர் ஒபாமாவின் வீட்டோவையே முறியடித்து, செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பத்தினர் சவூதி அரசின் மீது வழக்குத் தொடர அமெரிக்க நாடாளுமன்றம் வழிசெய்தது. நட்பு நாடு என்றும் பாராமல் கடித்த சட்டம் அது. ஆனால் அது இரு அவைகளிலும் நிறைவேறிய சட்டம். வாட்ஸ்அப்பில் வந்த கடிதம் அல்ல.

இப்போது, இதைப் படையெடுப்பு என்று நினைக்கும் எதிர்த் தரப்பு நண்பர்களுக்கு. 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக மக்கள் அமர்ந்திருந்தபோது, முந்தைய டிசம்பரில் அந்த அமெரிக்க ஆணையம் வெளியிட்ட அறிக்கையைச் சுட்டி, ‘வெளிநாட்டுச் சதிக்கு ஆதாரம்’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வாஷிங்டனில் யாரோ அறிக்கை விட்டதற்காக வண்ணாரப்பேட்டைப் பெண்களுக்கு உள்நோக்கம் கற்பிப்பது எந்த ஊர் நியாயம்? தம் அரசைக் கேள்வி கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை. 2013-இல் இலங்கைக்கு எதிராக ஜெனீவாவில் கடுமையான தீர்மானம் வேண்டும் என்று நம் மாணவர்கள் வீதிக்கு வந்ததும், நம் எம்.பி.க்கள் டெல்லியை நெருக்கியதும் அதே வகையான வேலைதான். அன்று நாம் அதை அந்நியத் தலையீடு என்று சொல்லவில்லை.

இனி, தயவுசெய்து கேளுங்கள். அமெரிக்காவில் அடைக்கலம் கோருவதற்குச் சென்னையிலுள்ள அதன் துணைத் தூதரகத்தில் விசா கிடையாது. அந்நாட்டு மண்ணிலோ அதன் நுழைவு எல்லையிலோ இருப்பவர்தான் அதைக் கோர முடியும். அதுவும் தமக்கே நேர்ந்த, அல்லது நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க துன்புறுத்தலைத் தாமே நிரூபிக்க வேண்டும். 75 பேர் கையெழுத்திட்ட கடிதம் உங்கள் வீட்டில் நடந்ததற்குச் சாட்சி ஆகாது. பொய்யென்று தெரிந்தே அடைக்கல மனு போட்டால், அந்நாட்டின் குடியேற்றச் சலுகைகள் அனைத்தும் நிரந்தரமாக அடைபடும். இங்கே பொய்ப் பிரமாணப் பத்திரம் கொடுப்பதும் குற்றம். நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் பொய் உண்மையாகிவிடாது. உண்மையிலேயே அடிபட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். உங்கள் கற்பனை பத்தி நான்கு, நாளை அவர்களுடைய உண்மையையும் சந்தேகிக்க வைக்கும்.

கடிதத்தைப் பகிர்வதானால் முழுவதையும், முகவரியோடும் தேதியோடும் பகிருங்கள். கீழே உள்ளூர்ப் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் படத்தை ஒட்டி, ‘அடுத்தது இதுதான்’ என்று எழுதாதீர்கள். ‘எனக்கு வந்ததை அனுப்பினேன்’ என்ற வாதம் எடுபடாது. பகிர்ந்தவரும் பொறுப்பாளிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் வேறொரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சமூகங்களுக்கிடையே பகைமை வளர்த்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவில் மூன்றாண்டுச் சிறை வரை உண்டு.

வழிபாட்டுக்கு உண்மையிலேயே இடையூறு நேர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிச் சமரசத்தோடு திரும்பி வராதீர்கள். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால், அரசமைப்பின் 25-ஆவது உறுப்பைக் காட்டி ரிட் மனு போட உயர் நீதிமன்றம் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கிறது. அந்த வளாகத்திலேயே மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற வேறு சிலருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஏஜென்டுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு, நகை ஏலத்துக்குப் போகும் முன்பே வாருங்கள்.