லாக்டோஸ் இல்லை என்றால் சீனியைக் கொட்டி மூடிவிடாதீர்கள்

போன வாரம் ஒருவர் கையில் கட்டோடு என்னைப் பார்க்க வந்தார். வீட்டில் பீர் போடுகிறவர். ஆர்வமானவர், சுத்தம் பார்ப்பவர். மில்க் ஸ்டவுட், அதாவது லாக்டோஸ் சேர்த்த கறுப்பு பீர், போட்டிருக்கிறார். 20 லிட்டருக்கு 400 கிராம் லாக்டோஸை, அதாவது பாலில் இருக்கும் சர்க்கரையை, கரைத்து, பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் சேர்க்கும்படி செய்முறையில் இருந்திருக்கிறது. லாக்டோஸ் கிடைக்கவில்லை. அதுவும் ஒரு சர்க்கரைதானே என்று 400 கிராம் வெள்ளைச் சீனியைக் கரைத்து ஊற்றிவிட்டார். பாட்டிலில் வாயு ஏறுவதற்கான சீனியை வேறு தனியாகச் சேர்த்திருக்கிறார். சில நாள் கழித்து அலமாரியில் ஒரு பாட்டில் வெடித்தது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர் பக்கத்துப் பாட்டிலைத் தூக்கியிருக்கிறார். அது கையிலேயே வெடித்தது. கண் தப்பியது பெரிய விஷயம்.

பீர் தயாரிப்பதுதான் என் தொழில். வீட்டில் போடுகிறவர்கள் சந்தேகம் கேட்டால் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. அதனால் இந்த மாதிரிக் கதைகள் என் காதுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சர்க்கரையின் பெயரும் செய்முறையும் மாறுகின்றன, முடிவு மாறுவதில்லை. இனியும் ஒவ்வொருவருக்காகத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்பான எண்ணம்: சர்க்கரை போட்டால் பீர் இனிக்கும். இனிக்காது. தேநீரில் போட்ட சீனி தேநீரிலேயே இருக்கிறது, ஏனென்றால் அதைத் தின்ன அங்கே யாரும் இல்லை. பீரில் ஈஸ்ட் இருக்கிறது. சீனி, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் எதைக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிவிடும். 20 லிட்டரில் அரை கிலோ சீனியைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். ஆரம்ப அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.050 இருந்தால் 1.060-ஐ ஒட்டி வரும். நொதித்து முடிந்ததும் ஆல்கஹால் ஒன்றேகால் சதவீதம் போல ஏறியிருக்கும். கடைசி அடர்த்தி ஏறாது, கொஞ்சம் இறங்கியே இருக்கும், ஏனென்றால் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. வாயில் வைத்தால் பீர் முன்பைவிட வறட்சியாகவும் மெலிசாகவும் இருக்கும். "இனிப்புப் போதவில்லை, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை வருகிறது. நீங்கள் கேட்பதற்கு நேர் எதிரான திசையில் போகிறீர்கள், ஐயா.

தேனும் இதே கதைதான். "இவ்வளவு தேன் ஊற்றினேன், தேன் மாதிரி இனிக்கவே இல்லை" என்பார்கள். தேனில் தண்ணீர் போக மிச்சத்தில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும்தான். அத்தனையும் ஈஸ்டுக்குப் போய்விடும். மிஞ்சுவது வாசனை, அதுவும் கொதிக்கும் வோர்ட்டில் (தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத சாறு) ஊற்றாமல் அடுப்பை அணைத்த பிறகோ நொதித்தல் ஓரளவு அடங்கிய பிறகோ சேர்த்தால்தான். இன்னொன்றும் உண்டு. சூடாக்காத தேனில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் இருக்கின்றன. ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளான டெக்ஸ்ட்ரின்களை அவை மெல்ல உடைத்து, ஈஸ்டுக்கு மறுபடியும் தீனி போடும். அதனால் பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் பச்சைத் தேனை நேராக ஊற்றாதீர்கள்.

சரி, இனிப்பு வேண்டும் என்றால் என்ன செய்வது? அதை மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், தேடுங்கள். கேரமல் ருசியுள்ள கிரிஸ்டல் மால்ட்டைக் கொஞ்சம் கூட்டலாம். நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் வெப்பநிலையை 68 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்தால் ஈஸ்ட் தின்ன முடியாத பகுதி கூடும். சர்க்கரைகளை முழுக்கத் தின்னாமல் கொஞ்சம் விட்டுவைக்கும் ஈஸ்ட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இவை போதாத இடத்தில்தான் லாக்டோஸ் வருகிறது. லாக்டோஸை உடைக்கும் என்சைம் சாதாரண பீர் ஈஸ்டிடம் கிடையாது. அதனால் அது அப்படியே தங்கிவிடும். இனிப்பு சீனியில் ஆறில் ஒரு பங்குதான், ஆனால் வாய்க்குக் கனம் தரும். மால்ட்டோ டெக்ஸ்ட்ரினும் பெரும்பாலும் தங்கும். கனம் தரும், இனிப்பு ஏறக்குறைய இல்லை. லாக்டோஸ் கிடைக்காவிட்டால் அதைப் போடாமல் விடுங்கள், அல்லது மால்ட்டோ டெக்ஸ்ட்ரினை வைத்துக் கனத்தையாவது காப்பாற்றுங்கள். சீனி மட்டும் வேண்டாம்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட், அதாவது பெல்ஜியத்து சைசோன் பீருக்கான பல ஈஸ்ட்கள், டெக்ஸ்ட்ரின்களையும் உடைத்துத் தின்னும். பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டில் சில வகைகளுக்கு லாக்டோஸே உணவு. இவற்றில் ஒன்றை ஒருமுறை பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயையும் வாளியையும் அடுத்த மில்க் ஸ்டவுட்டுக்கு எடுக்காதீர்கள். அப்புறம், லாக்டோஸ் பாலிலிருந்து வருவது. குடிக்கக் கொடுப்பவரிடம் அதைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

அந்தப் பாட்டிலுக்குள் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பீரில் கரைந்திருக்கும் வாயுவை வால்யூம் என்று அளக்கிறோம். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் 1 வால்யூம். லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் சீனி நொதித்தால் 1 வால்யூம் ஏறும். வழக்கமான பீர் 2.2 முதல் 2.7 வால்யூமில் இருக்கும். இவர் லிட்டருக்கு 20 கிராம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார், அதாவது இன்னும் 5 வால்யூம். ஏற்கெனவே திட்டமிட்டதோடு கூட்டினால் 7 வால்யூமைத் தாண்டுகிறது. அறை வெப்பநிலையில் அது 7 அல்லது 8 பார் அழுத்தம். சாதாரண பீர் பாட்டிலில் 3 வால்யூமுக்கு மேல் நான் போவதே இல்லை. கோதுமை பீருக்கு 4 வால்யூம் வேண்டும் என்றால் அதற்கென்று வரும் கனத்த கண்ணாடிப் பாட்டிலை வாங்குங்கள்.

பாட்டிலில் வாயு ஏற்றுவதற்கான சர்க்கரையை ஒன்றுக்குப் பதில் ஒன்று மாற்றலாம், தப்பே இல்லை. ஆனால் கப்பால் அளந்து மாற்றாதீர்கள். வோர்ட்டை உலர்த்திச் செய்த மால்ட் பவுடர் லேசாகப் பொங்கி நிற்கும், பழுப்புச் சர்க்கரையை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு உள்ளே போகும், தேன் கனமானது. ஒரு கப் என்பது அளவே இல்லை. ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். பீர் போட இத்தனை சாமான் வாங்கியவருக்கு இது ஒரு செலவா?

20 டிகிரி செல்சியஸில் நொதித்த 20 லிட்டர் பீர், 2.4 வால்யூம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் நொதித்த பீரிலேயே சுமார் 0.85 வால்யூம் கரைந்திருக்கும். மிச்சத்துக்கு வெள்ளைச் சீனி என்றால் 120 கிராம் போதும். கடையில் வரும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) பெரும்பாலும் மோனோஹைட்ரேட், எடையில் 9 சதவீதம் தண்ணீர். அதனால் 135 முதல் 140 கிராம் ஆகும். தேன் 155 முதல் 160 கிராம், அதுவும் தேனுக்குத் தேன் கொஞ்சம் மாறும். மால்ட் பவுடரில் நொதிக்காத பகுதி இருப்பதால் 170 முதல் 180 கிராம். மால்ட் பவுடருக்கு எழுதிய 180 கிராமை அப்படியே சீனியாகப் போட்டால் ஒன்றரை மடங்கு தீனி கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கணக்கில் போடும் வெப்பநிலை, நொதித்தல் முடிந்தபின் பீர் தொட்ட அதிகபட்ச வெப்பநிலை. தெளிவதற்காகக் குளிரவைத்த வெப்பநிலை இல்லை.

எவ்வளவு சரியாக எடை போட்டாலும், நொதித்தல் முடியாத பீரை அடைத்தால் எல்லாம் வீண். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 0.001 இறங்கினால் அரை வால்யூம் வாயு. 1.010-க்கு வர வேண்டிய பீரை 1.014-ல் அடைத்தால், நீங்கள் சேர்த்த சீனி போக இன்னும் 2 வால்யூம். "குமிழி நின்றுவிட்டது, அதனால் முடிந்துவிட்டது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வாளியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி நிற்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அடர்த்தி அசையாமல் இருக்க வேண்டும். ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: ஆல்கஹால் வந்தபின் அது காட்டும் எண் திருத்தம் செய்யாமல் செல்லாது.

வோர்ட்டில் சேர்க்கும் சர்க்கரைக்கு வருவோம். இங்கே மாற்றினால் எதுவும் வெடிக்காது, ருசிதான் மாறும். ஒரு கிலோவை 10 லிட்டரில் கரைத்தால் சீனி அடர்த்தியை 38 புள்ளி ஏற்றும் (1.000-லிருந்து 1.038-க்கு), டெக்ஸ்ட்ரோஸ் 35, மால்ட் பவுடர் 36 அல்லது 37, தேன் 29 போல. அதை வைத்து அளவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மால்ட் பவுடருக்குப் பதில் சீனியைப் போட்டு ஆரம்ப எண்ணைச் சரிகட்டிவிட்டால் பீரும் அதே பீராக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சீனியிடம் வாய்க்குத் தரும் கனமும் இல்லை, ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜனும் இல்லை.

"சீனி போட்டால் ஆப்பிள் சைடர் வாடை வரும்" என்று பழைய பயம் ஒன்று இருக்கிறது. 1.7 கிலோ மால்ட் சாறு டப்பாவோடு ஒரு கிலோ சீனியைக் கொட்டினால் நொதிக்கும் பொருளில் 40 சதவீதம் சீனியாகிவிடுகிறது. சத்துக் குறைந்து, பழைய சாறும் சூடான அறையும் சேர்ந்தால் பீர் கெடத்தான் செய்யும். பழியைச் சீனி மட்டும் சுமக்க வேண்டியதில்லை. பெல்ஜியத்து டிரிப்பெல் பீர்களில் 10 முதல் 20 சதவீதம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம், அதனால்தான் அவ்வளவு ஆல்கஹாலிலும் அவை கனக்காமல் இறங்குகின்றன. நிறையச் சேர்ப்பதென்றால் நொதித்தல் சூடுபிடித்த பிறகு சேருங்கள். முதலிலேயே குளுக்கோஸ் குவிந்தால் ஈஸ்ட் மால்ட்டின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸைத் தொடச் சோம்பும்.

நிறமில்லாத கற்கண்டு மாதிரி வரும் பெல்ஜியன் கேண்டி சர்க்கரைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அது சுக்ரோஸ்தான், அதாவது சீனிதான், சீனியே போதும். சீனியை எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சி இன்வர்ட் செய்வதும், அதாவது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைப்பதும், வெள்ளைச் சர்க்கரையைப் பொறுத்தவரை வீண் வேலை. அந்த உடைப்பை ஈஸ்டின் இன்வர்டேஸ் என்சைமே செய்துவிடும். கறுப்பு கேண்டி சிரப் வேறு விஷயம். அதன் ருசி பக்குவமாகக் காய்ச்சியதில் வருகிறது, பழுப்புச் சர்க்கரை அதற்கு ஈடாகாது. பழுப்புச் சர்க்கரை என்பது வெள்ளைச் சீனியில் கொஞ்சம் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு) கலந்ததுதான். மொலாசஸைத் தனியாகப் போடுவதானால் கையை அடக்கிப் போடுங்கள். 20 லிட்டருக்கு 200 கிராமே ருசியில் தூக்கலாகத் தெரியும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கால்நடைத் தீவன மொலாசஸையும், உணவுக்கானது என்று எழுதாத ஆலைக் குளுக்கோஸையும் சிலர் வாங்குகிறார்கள். இதை நான் மன்னிக்கவே மாட்டேன். 1900-ல் மான்செஸ்டர் சுற்றுவட்டாரத்தில் பீர் குடித்தவர்கள் கைகால் மரத்து, தோல் கறுத்து விழுந்தார்கள். மருத்துவர்கள் முதலில் அதைக் குடிப்பழக்கத்தால் வந்த நரம்பு நோய் என்றே நினைத்தார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர்தான் ஆர்செனிக்கைச் சந்தேகித்து பீரைச் சோதித்தார். பீருக்கான சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்படுத்திய கந்தக அமிலத்தில் ஆர்செனிக் கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 6,000-க்கும் மேல், குறைந்தது 70 பேர் இறந்தார்கள். லார்ட் கெல்வின் தலைமையில் அரச விசாரணைக் குழுவே அமைக்க வேண்டி வந்தது. அந்தச் சாவுகளின் வழியாக வந்த உணவுத் தரத்தைச் சில்லறை மிச்சத்துக்காகத் தாண்டிப் போகாதீர்கள்.

இனிப்பூட்டிகள் பற்றியும் கேட்கிறார்கள். சுக்ரலோஸ், ஸ்டீவியா, எரித்ரிட்டால், சைலிட்டால் ஆகியவற்றை ஈஸ்ட் தின்னாது. ஆனால் பொட்டலத்தில் கனத்துக்காக டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருப்பார்கள், லேபிளைத் திருப்பிப் படியுங்கள். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் வேண்டவே வேண்டாம், அதற்கு அது விஷம்.

கைக்காயம் பட்டவரிடம் சொன்னதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தப்பான சர்க்கரை போய்விட்டது என்று அடைத்த அன்றே தெரிந்தால் உடனே எல்லா மூடியையும் திறந்து, பீரை மறுபடி வாளிக்கு மாற்றி நொதிக்க விடுங்கள். பீரின் ருசி கெட்டால் கெடட்டும். நாளாகிவிட்டதென்றால் பாட்டில்களைத் தூக்கிப் பார்க்காதீர்கள், ஆட்டாதீர்கள். முதலில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மூக்குக் கண்ணாடி இல்லை, முகத்தை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை. கனமான போர்வையைப் பாட்டில்கள் மேல் போட்டு, அந்த அறைக்குள் பிள்ளைகளை விடாமல் பூட்டுங்கள். அறையைக் குளிர்விக்க முடிந்தால் குளிர்வியுங்கள், குளிர்ந்தால் அழுத்தம் குறையும். நன்றாகக் குளிர்ந்தபின் ஒவ்வொன்றாக, துணி சுற்றி, முகத்தை விலக்கி, மூடியைக் கொஞ்சமாக நெம்பி வாயுவை விடுங்கள். தைரியம் வரவில்லை என்றால் திறக்க வேண்டாம், மூடியுள்ள தொட்டிக்குள் போர்வையோடு கிடக்கட்டும். அதில் ஒரு பாட்டிலைக்கூடக் காரில் வைத்து யாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.