ஈரத்தன்மையா, ஈரப்பதனா, ஈரலிப்பா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா ஒருவர் ஆசையாக வாங்கிய ஓர்க்கிட் கன்று வேரழுகிச் செத்துப்போனது. கன்றோடு வந்த சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். “அதிக ஈரத்தன்மை தேவை” என்று அச்சடித்திருந்தது. “ஈரத்தன்மை வேணும் எண்டுதானே தம்பி போட்டிருக்கு? அதுதான் காலமையும் பின்னேரமும் தண்ணி விட்டனான்” என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள். பிழை அந்தச் சொல்லில் இருக்கிறது. இதே சொல்லை விதைப் பக்கற்றிலும் தொலைபேசியின் வானிலைத் திரையிலும் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் கதை சின்னது. ஈரம் பழைய சொல். நீர்ப்பசையையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். “இன்சொலால் ஈரம் அளைஇ” என்ற குறளில் (91) வருவது அன்பு. பதம் என்றால் தக்க நிலை: சோற்றுப் பதம், பாகுப் பதம். நலம் நலன் ஆவதுபோல, நிலம் நிலன் ஆவதுபோல, பதம் பதன் ஆகும். காற்றில் கலந்திருக்கும் நீராவியின் அளவு தமிழ்நாட்டில் ஈரப்பதம், எங்களுக்கு ஈரப்பதன். அதில் சண்டைக்கு இடமில்லை. ஆங்கிலத்தின் ஹியுமிடிட்டி, இலத்தீனின் ‘உமிடுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மண்ணைக் குறிக்கும் ‘ஹூமுஸ்’ இதற்கு உறவு என்று பிழையாக நினைத்ததில்தான் முன்னால் அந்த ‘ஹ’ ஒட்டிக்கொண்டது. காற்றின் ஈரத்தோடு மண்ணைச் சேர்த்துக் குழப்புவது அங்கேயும் நடந்திருக்கிறது!

இப்போது ஈரத்தன்மைக்கு வருவோம். தன்மை என்பது ஒரு பொருளிடம் இருக்கிற இயல்பு. பிழிந்த துணிக்கு ஈரத்தன்மை உண்டு, தண்ணீர் விட்ட தென்னந்தும்புக்கு உண்டு. தொட்டால் கை நனையும். காற்றில் கலந்திருக்கும் நீராவி கண்ணில் படாது, கையையும் நனைக்காது. மார்கழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே போத்தல் உப்புக் கசிகிறது, தீக்குச்சி பற்ற மறுக்கிறது, முறுக்கு இளகிவிடுகிறது. அது ஈரப்பதன் செய்கிற வேலை. அதை அளக்கலாம், நூற்றுவீதத்தில் சொல்லலாம். “60 வீத ஈரத்தன்மை” என்றால் எதில் 60 வீதம்? சாடியிலா, மண்ணிலா, காற்றிலா? அந்தச் சீட்டை எழுதியவரிடம் கேட்டால் அவருக்கும் பதில் இருக்காது.

நூற்றுவீதம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லவேண்டும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவி தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். ஆகவே அதே 17 கிராம், குளிர்ந்த காற்றில் 100 வீதம், சூடான காற்றில் 57 வீதமளவு. அந்தந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவைச் சார்ந்து சொல்வதால் அது சார் ஈரப்பதன். இதைச் சேர்த்துச் ‘சாரீரப்பதன்’ என்று பாடசாலையில் படித்தபோது, பாட்டுக்காரரின் சாரீரத்துக்கு என்ன பதன் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். புணர்ச்சி விதிப்படி சரி, ஆனால் பிள்ளைக்கு விளங்காது. பிரித்தே எழுதுங்கள். தமிழ்நாட்டார் சொல்கிற ‘ஒப்பு ஈரப்பதம்’ இந்த இடத்தில் எங்களுடையதைவிடத் தெளிவு என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மண்ணுக்கு எங்களிடம் அருமையான சொல் இருக்கிறது: ஈரலிப்பு. “தரை ஈரலிப்பாக் கிடக்கு, பாய் போடாதே” என்று அம்மம்மா சொல்லும் சொல். இது வட்டார வழக்கு, பொதுத்தமிழ் ஆகாது என்கிறார்கள் சிலர். வழக்கில் உயிரோடு இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு, எங்கும் பேசப்படாத ஒன்றைப் பொதுத்தமிழ் என்று ஏன் எடுக்கவேண்டும்? உழவர் நிலத்தின் பதம் பார்த்துத்தானே உழுகிறார், அப்படியானால் ஈரப்பதன் மண்ணுக்கும் பொருந்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வகுப்பறையும் வானிலை அறிக்கையும் அந்தச் சொல்லைக் காற்றோடு பழக்கிவிட்டன. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் கையில் இருக்கும்போது ஒன்றை வைத்து இழுபடுவது வீண். மொழிபெயர்ப்பாளர்களில் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுதான். நனைவு, கசிவு, சுவரில் ஏறும் ஓதம், ஈரலிப்பு, ஈரப்பதன் என்று இத்தனை இருக்க, எல்லாவற்றுக்கும் ‘ஈரம்’ போட்டு, கொஞ்சம் கனமாகத் தெரியட்டும் என்று ‘தன்மை’யை ஒட்டிவிடுகிறார்கள்.

வண்ணத்துப்பூச்சி ஓர்க்கிட்டுக்கு 50 முதல் 70 வீத ஈரப்பதன் நல்லது. ஆனால் அதன் வேர் மரத்தில் பற்றிக் காற்றில் தொங்கிப் பழகியது. ஓயாத ஈரலிப்பில் மூச்சுமுட்டி அழுகும். அதாவது ஒன்று கூடவேண்டும், மற்றது அடங்கவேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் கன்று எப்படிப் பிழைக்கும்? திருகோணமலையில் மாரியில் காற்றே அதைப் பார்த்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் சிக்கல். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, எங்களிடம் வறண்டு வந்து சேர்கிறது. அந்த நாட்களில் கன்றுகளைக் கூட்டமாக வையுங்கள், காற்றை நேரே படவிடாதீர்கள். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு மேலே சாடியை வைக்கலாம். சாடியின் அடி தண்ணீரில் முட்டக்கூடாது. இதில் ஈரப்பதன் கொஞ்சம்தான் கூடும். இலையில் பூவாளியால் தெளிப்பது அதையும்விடக் குறுகிய நேரத்துக்குத்தான் நிற்கும். வேர் பச்சையாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், வெள்ளி நிறத்துக்கு மாறினால் விடுங்கள்.

அக்கா இப்போது இன்னொரு கன்று வாங்கியிருக்கிறார். அதே சீட்டுத்தான். ‘ஈரத்தன்மை’யைப் பேனையால் வெட்டிவிட்டு மேலே எழுதிக்கொடுத்தேன்: “காற்றில் ஈரப்பதன் கூட வேணும். தும்பில் ஈரலிப்புக் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர்.”