ஊற்றுத் தண்ணீரும் எலியாவின் அடையும்

காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வரும் கிறிஸ்தவர்கள் பலர் தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். எழுந்து போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி அந்த ஒன்றைச் சொல்வார்கள்: "ஜெபம் பண்ண முடியல மேடம்." ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கும் முகம்.

அப்படிச் சொன்ன ஓர் அக்காவைப் பற்றி, அவர் சம்மதத்தோடு, விவரங்களை மாற்றி எழுதுகிறேன். தேவகோட்டைப் பக்கம். சபையில் பெண்கள் கூட்டத்தைப் பல வருஷம் நடத்தியவர். கணவர் பக்கவாதத்தில் படுத்து நாலு வருஷம் ஆகிறது.

"வேதத்தைத் திறந்தா எழுத்து எழுத்தாத்தான் தெரியுது. உள்ள எறங்கல. ஆண்டவர் என்னையக் கைவிட்டுட்டாரா?"

"அக்கா, காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். கணவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, துணி அலசிப் போட்டுவிட்டு உட்கார பதினொன்றாகிவிடுமாம். சில நாள் காப்பியோடு சரி. ராத்திரி மூன்று தடவை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.

என் மேசையிலிருந்த வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துக் கொடுத்தேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிற இடம். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்த கதை. தூதன் வந்து என்ன சொல்கிறான் என்று வாசிக்கச் சொன்னேன். "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். எலியா சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாந்தரம் வந்து, சாப்பிடு, உன் பிரயாணம் வெகுதூரம் என்கிறான். ஏன் விசுவாசம் குறைந்தது என்ற விசாரணை அங்கே கிடையாது. ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்தபின்.

அக்கா அந்த வசனத்தின் மேல் விரலை வைத்தபடி அழுதார்.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தசோகை இருந்தது. தைராய்டும் குறைவாகச் சுரந்தது. இரண்டுமே ஆளை அசத்திப் போடும். மனம் ஒன்றிலும் நிற்காது. அதை ஆவிக்குரிய தோல்வி என்று எத்தனை பேர் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஜெபம் மட்டும் வறண்டிருக்கிறதா, வாழ்க்கையே வறண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரப்பிள்ளை சிரித்தால் சந்தோஷமாக இருக்கிறது, மீன்குழம்பு ருசிக்கிறது, ஜெபம் மட்டும் ஓடவில்லை என்றால் அது விசுவாசப் பயணத்தில் வருகிற ஒரு காலம். எதிலுமே ருசி இல்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஓயவில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு, முன்பைவிட மோசமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட சில வாரம் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஊழியக்காரர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள்.

அப்பா இறந்த வருஷம் எனக்கும் ஜெபம் நின்றுபோனது. மறைந்திருக்கும் பாவத்தை அறிக்கையிடு என்றார் ஒருவர். தேடித் தேடிப் பார்த்து இன்னும் சோர்ந்ததுதான் மிச்சம். அந்த நாட்களில் என் அப்பத்தாவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் ஊர். சித்திரை வைகாசியில் ஊருணி வற்றிவிடும். பெண்கள் குடத்தோடு நடு ஊருணிக்குள் இறங்கி மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். குழியின் அடியில் கசிந்து கசிந்து நீர் சேரும். சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நான் அவசரப்படுவேன். "பொறு ஆத்தா, வேகமா அள்ளுனா கலங்கிப்போகும்" என்பார் அப்பத்தா. ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும். அந்தத் தண்ணீர் தெளிவாக, சில்லென்று இருக்கும்.

நானும் சிரட்டையைத்தான் எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு வசனம். ஜெபிக்க என் வார்த்தை வராதபோது சங்கீதக்காரனின் வார்த்தை. குறிப்பாக 88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும். இது இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அவரை அழைத்துத்தான் தொடங்குகிறது. அன்னை தெரசாவின் தனிக்கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் தேவ பிரசன்னத்தை உணராமலே அவர் ஏழைகளுக்கு ஊழியம் செய்தது தெரிந்து உலகமே திகைத்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அக்கா இப்போது காலை எட்டரைக்குள் சாப்பிடுகிறார். ஞாயிறு இரண்டு மணி நேரம் கணவரோடு இருக்க சபையிலிருந்து இரண்டு பேர் முறைவைத்து வருகிறார்கள். ஆள் கேட்க அவருக்கு அத்தனை கூச்சம், கேட்டதும் ஓடி வந்தார்கள். போன வாரம் வந்தபோது ஆராதனை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பாட வரல. கடைசி பெஞ்சுல உக்காந்து மத்தவங்க பாடுறதக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து வைத்தார். "உங்களுக்குக் கந்தரப்பம் கொண்டாந்தேன் மேடம். நீங்க சாப்பிட்டீங்களா?"