நோய்க்குப் பெயர் வைத்த பிறகும் விசாரிக்க வேண்டியது நிறைய இருக்கிறது

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எனக்கு வந்திருப்பதற்குப் பேர் என்ன?" என்றுதான். நியாயமான கேள்வி. பெயர் தெரிந்தாலே பலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. ஆனால் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கும் எனக்கு உறுத்துவது, பெயர் கிடைத்த அன்றே எல்லோரும் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது. மருத்துவர், குடும்பத்தார், சில நேரம் பாதிக்கப்பட்டவரும்கூட.

காசநோய் என்றால் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருமலுக்குக் காரணம் அந்தக் கிருமி. மனச்சோர்வு என்று எழுதும்போது அப்படி எதையும் கண்டுபிடித்து எழுதுவதில்லை. ரத்தப் பரிசோதனை செய்வது, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு போன்ற உடல் காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு? "ஏன் தூக்கம் வரவில்லை?" "மனச்சோர்வு இருப்பதால்." "மனச்சோர்வு என்று எப்படித் தெரியும்?" "தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, அதனால்." சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கிறோம்.

மனநோய்களைப் பட்டியலிட்டு வரையறுக்கும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் நீடித்தால் அதைத் தீவிர மனச்சோர்வு என்கிறது. மனம் துவண்டிருப்பது, ஆர்வம் போய்விடுவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பேருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருந்தாலும் இருவருக்கும் ஒரே பெயர் வரும். ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார், இன்னொருவருக்குத் தூக்கமே இருக்காது. கையேட்டில் இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன.

எல்லைக்கோடுகளும் காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கின்றன. தன்பால் ஈர்ப்பை 1973-ல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதை எதிர்த்தவர்கள் கேட்டதால் 1974-ல் சங்க உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. நெருங்கியவரை இழந்து இரண்டு மாதம் ஆகாதவருக்குப் பொதுவாக மனச்சோர்வு என்று எழுதக்கூடாது என்ற விலக்கு முன்பு இருந்தது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. 2022 திருத்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நீளும் கடுந்துக்கமே தனி நோயாகச் சேர்ந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் இயக்குநராக இருந்த தாமஸ் இன்செல், டி.எஸ்.எம். பெயர்கள் ஆய்வக அளவீடு எதையும் அடிப்படையாகக் கொள்ளாமல் அறிகுறித் தொகுப்புகளை மட்டுமே நம்பியிருக்கின்றன என்று 2013-ல் வெளிப்படையாகவே எழுதினார்.

இதைச் சொன்னால், "அப்போ என் கஷ்டம் பொய்யா?" என்று சிலர் பதறுவார்கள். இல்லவே இல்லை. கஷ்டம் முழுக்க நிஜம். அதை இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதுகளில் இருந்த பெண். தடிமனான பைலோடு வந்தார். முதலில் மனச்சோர்வு, அப்புறம் பதற்றக் கோளாறு, கடைசியாக பைபோலார், அதாவது மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய். ஒரு பெரிய தாளைக் குறுக்காகப் போட்டு நடுவில் கோடு இழுத்தோம். கோட்டுக்கு மேலே வாழ்க்கையில் நடந்தது, கீழே உடம்பிலும் மனதிலும் நடந்தது. வருடங்களை அவரே குறித்தார். படுத்த படுக்கையான அம்மாவை இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட காலம் மேலே வந்தது. தூக்கம் கெட்டது நேர் கீழே வந்தது. அம்மா போன பிறகும், மருந்து கொடுக்கும் நேரமான நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டியிருக்கிறது. பைபோலார் என்று எழுதக் காரணமான படபடப்பும் எரிச்சலும் வந்த இடத்துக்கு மேலே அவர் எழுதியது: "மாத்திரை டோஸ் கூட்டின மாதம்." மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு அப்படிச் செய்வது தெரிந்த விஷயம். ஆனால் பைபோலார் உள்ளவர்களுக்கும் அதே மாத்திரையால் அப்படி ஆகலாம் என்பதால் தாளை வைத்து நான் முடிவு கட்டவில்லை. மனநல மருத்துவருக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். மருந்து அவருடைய பொறுப்பு. அந்தப் பைல் முழுக்கத் தேடியும் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து கதையைக் கோர்ப்பது எங்கள் துறையில் பழைய வழக்கம்தான். பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் மருத்துவ உளவியல் பிரிவு 2018-ல் வெளியிட்ட ஒரு சட்டகம் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. உங்கள் மேல் யாருடைய அதிகாரம் எப்படிச் செயல்பட்டது, அது உங்களை எப்படிப் பாதித்தது, அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், தாக்குப்பிடிக்க என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்கிறது. உயிரியலுக்கு அது கொடுக்கும் இடம் போதாது என்பது என் கருத்து. இருந்தாலும் கேள்விகள் நல்லவை.

பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் 1980-களில் தொடங்கிய திறந்த உரையாடல் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மனம் கலங்கிய ஒருவருக்காக அழைப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒரு குழு சந்திக்கிறது. குடும்பத்தாரும் நண்பர்களும் உடன் இருப்பார்கள். சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் அவர் முன்னிலையிலேயே பேசுவார்கள், முதுகுக்குப் பின்னால் எந்த முடிவும் கிடையாது. மருந்து தேவைப்பட்டால் உண்டு, ஆனால் எடுத்த எடுப்பில் அல்ல. அங்கிருந்து வந்த முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் இந்த முறையில் சேராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் குழுக்கள் மட்டும் வலுவாக அமையவில்லை. ஜிம்பாப்வேயின் நட்பு பெஞ்சுக்கு அந்தக் குறை இல்லை. மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கியது. பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவமனை வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவருடைய பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து, அதைத் தீர்க்கும் வழியைச் சேர்ந்து யோசிக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து பெஞ்சுக்கு வந்தவர்களின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இரண்டையும், மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் காதில் கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழுக்களையும் நல்ல முன்மாதிரிகளாகச் சேர்த்திருக்கிறது.

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடுப்புக்கும் காப்பீட்டுக்கும் அது வேண்டும். பைபோலார் என்று சரியாகக் கண்டறிந்து லித்தியம் மருந்து கொடுத்ததால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. கவனக்குறைபாட்டுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) என்று தெரிந்ததும் "நான் சோம்பேறி இல்லை" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சிலவற்றைக் கேளுங்கள். எதை வைத்து இந்தப் பெயர்? வேறு என்னவாக இருக்க வாய்ப்பு? எப்போது மறுபரிசீலனை செய்வீர்கள்? இந்த மாத்திரை எவ்வளவு காலம், நிறுத்துவது எப்படி? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் மட்டும் இந்த விசாரணையெல்லாம் அப்புறம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று பலர் பயந்துபோவது அதனால்தான். நீண்டநாள் எடுத்த தூக்க மாத்திரைகளையும் பதற்றத்துக்கான மாத்திரைகளையும் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். டோஸ் சிறிதாகச் சிறிதாக, குறைக்கும் அளவும் சிறிதாக வேண்டும். கடைசிக் கட்டத்தில்தான் அதிகப் பொறுமை தேவைப்படும்.