சளி பிடித்திருக்கிறது, ஓடப் போகலாமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் என் கிளினிக்கில் தினமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். சென்னையில் மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதற்கான நீண்ட தூர ஓட்டங்களை நவம்பர், டிசம்பரில் ஓடியாக வேண்டும். ஊரில் மழையும் காய்ச்சலும் போட்டி போட்டுக்கொண்டு அடிக்கிற மாதங்களும் அவைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் தவறினாலே மூன்று மாத உழைப்பு போய்விட்டது போலப் பதறுகிறார்கள்.

அப்படி ஒருவர் சனிக்கிழமை மாலை வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மறுநாள் விடியற்காலை 25 கிலோமீட்டர் ஓட வேண்டுமாம். மூக்கு ஒழுகுகிறது, தொண்டை கரகரக்கிறது, "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார். தெர்மாமீட்டர் 98.8 காட்டியது. சரி, சாதாரண சளிதான் என்று சொல்ல வாயெடுத்து, கையைப் பிடித்து நாடி பார்த்தால் 104. தினமும் ஓடுகிறவருக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அறுபது சொச்சம் இருக்க வேண்டிய நாடி அது.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"மூணு மணிக்கு மெடிக்கல்ல சளிக்கு ஒண்ணு வாங்கிப் போட்டேன்."

அதுதான் விஷயம். மருந்துக்கடையில் 'சளி மாத்திரை' என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். கூடவே மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், ஒழுகலை நிறுத்த குளோர்ஃபெனிரமின். முதலாவது காய்ச்சலை மறைக்கும். இரண்டாவது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், அதனால் பிரஷர் இருப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மூன்றாவது தூக்கத்தைத் தரும். இந்த மூன்றையும் விழுங்கிவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று ஷூவைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? இனி மாத்திரை எதுவும் வேண்டாம், ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். போனில் சொன்னார்: 101.2.

ஆகவே என் முதல் வேண்டுகோள், மாத்திரை போடுவதற்கு முன்னால் காய்ச்சல் பாருங்கள். தொட்டுப் பார்ப்பது போதாது. 100.4-ஐத் தொட்டால் அன்றைக்கு உடற்பயிற்சி என்ற பேச்சே கிடையாது. அதற்குக் கீழே இருந்தும் உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தால் அப்போதும் கிடையாது.

காய்ச்சல் இல்லை என்றால், மருத்துவர்கள் வெகுநாளாகச் சொல்லிவரும் கழுத்துக் கணக்கைப் பார்க்கலாம். மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று தொல்லையெல்லாம் கழுத்துக்கு மேலேயே இருந்தால் மிதமாகச் செய்யலாம். நெஞ்சுச் சளி, இழுப்பு, மூச்சு வாங்குதல், கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓய்வு. நானும் இதைத்தான் சொல்கிறேன், ஆனால் இதையே முழுக்க நம்புவதில்லை. எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலியும் கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது!

அமெரிக்காவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான மாணவர்களின் மூக்கில் சளி வைரஸை வேண்டுமென்றே விட்டு, ஒரு பகுதியினரை மிதமான உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், மற்றவர்களைச் சும்மா இருக்க விட்டார்கள். சளி நீடித்த நாட்களிலும் சரி, அதன் கடுமையிலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை. மிதமாகச் செய்தால் சாதாரண சளி மோசமாகிவிடாது என்பது இதில் ஓடுகிறவர்களுக்கு ஆறுதல். "நல்லா வேர்க்க விட்டா சளி இறங்கிடும்" என்று சொல்கிறவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சளி சீக்கிரம் போய்விடவில்லை.

மிதம் என்றால் வழக்கத்தில் பாதி. ஓடுகிறவர் நடக்கட்டும். பத்து நிமிடம் கழித்துத் தலை கனத்தாலோ, பேசவே மூச்சு வாங்கினாலோ வீடு திரும்பிவிடலாம். மூச்சை அடக்கிப் பளு தூக்குவது வேண்டாம், அடைத்த மூக்கோடு தலை விண்ணென்று தெறிக்கும். நீச்சல் வேண்டாம், காது அடைத்துக்கொள்ளும்.

காய்ச்சலோடு ஏன் கூடாது என்கிறேன்? உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி சுமார் பத்து கூடுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை நாம் இன்னும் ஓட்டுகிறோம். அரிதாக, சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் கடும் பயிற்சி செய்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வந்துவிட்டால் மூன்று முதல் ஆறு மாதம் விளையாட்டுப் பக்கமே போகமுடியாது. காய்ச்சலின்போதோ அதற்குப் பிந்தைய வாரங்களிலோ நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் வந்தால் ஈசிஜி எடுக்காமல் இருக்காதீர்கள்.

நம் ஊர் மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. எல்லாக் காய்ச்சலையும் 'சளிக் காய்ச்சல்' என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். டெங்குவில் மூக்கு அவ்வளவாக ஒழுகாது, உடம்பு வலிதான் பிய்த்தெடுக்கும். காய்ச்சல் விட்டதும் ஓடக் கிளம்புகிறார்களே, டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாட்கள்தான். உடம்பு வலிக்கென்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுவது ரத்தக்கசிவுக்கு வழிவிடும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும். தேங்கிய மழைத்தண்ணீரில் கால் வைத்து ஓடியவர், "அது நேத்து ஓடின வலி" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அந்த ஞாயிறு ஓட்டத்துக்குப் போகாதவருக்கு ஃப்ளூ. ஐந்து நாள் படுத்தார். மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு நடக்கச் சொன்னேன், அதற்கடுத்த வாரம் மெதுவோட்டம். ஜனவரியில் ஓடினார். நினைத்த நேரத்தைவிட ஆறு நிமிடம் அதிகமாம், இன்னும் என்மேல் கோபம்.

சர்க்கரை நோயாளிகளின் கவலை வேறு. "வாக்கிங்கை விட்டா சுகர் ஏறிடுமே!" உண்மையில் நோய்த்தொற்றே சர்க்கரையை ஏற்றும், இனிப்பான இருமல் சிரப்பும் தன் பங்குக்கு ஏற்றும். இரண்டு நாள் நடக்காததைவிட, இன்சுலினையோ மாத்திரையையோ தானாக நிறுத்துவதுதான் கெடுதல். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், அளவு எகிறினால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஒரு பெரியவர் கடைசியில் கேட்டார்: "நடக்கல டாக்டர். ஆனா நடந்து முடிச்சதும் பத்துப் பேர் பெஞ்சில உட்கார்ந்து காபி குடிப்போம். அதுக்கு மட்டும் போயிட்டு வரட்டுமா?" தும்மிக்கொண்டே கேட்டார். ஐயா, தனியாக மொட்டை மாடியில் நாலு சுற்று வேண்டுமானால் நடந்துகொள்ளுங்கள், அந்த பெஞ்சுக்கு மட்டும் போகாதீர்கள் என்றேன்.