டாலர் என்றால் எந்த டாலர்?

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அடிக்கடி எதிர்ப்படும் நம்பிக்கை ஒன்று உண்டு: டாலர் என்று போட்டிருந்தால் அது அமெரிக்க டாலர்தான் என்பது. கரீபியன் தீவு நாடுகளான கிரெனடாவுக்கோ ஆன்டிகுவாவுக்கோ பிள்ளையை மருத்துவம் படிக்க அனுப்பும் பெற்றோரிடமும், உல்லாசக் கப்பலில் வேலைக்குப் போகும் இளைஞர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

அப்படி ஒரு தந்தை, மகன் அனுப்பிய வாடகை ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். மாத வாடகை 1,350 என்ற எண்ணுக்கு முன்னால் டாலர் குறி. "சார், பையன் ஏதோ ஈ.சி. என்கிறான். டாலர்தானே?" என்று கேட்டார். ஈ.சி. என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிழக்குக் கரீபியன் டாலரை. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈ.சி. டாலர். அந்த வாடகை ஈ.சி.யில் என்றால் 500 அமெரிக்க டாலர். அமெரிக்க டாலரிலேயே என்றால் முழுதாக 1,350. மாதாமாதம் 850 டாலர் வித்தியாசம். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தோம்; எந்த டாலர் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் இருக்கும். வாடகை, டாக்ஸி, மளிகை என்று வரும்போதுதான் இந்தக் குழப்பம்.

ஆன்டிகுவா பார்புடா, டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ் நெவிஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் கிரெனடைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளும், பிரிட்டனின் ஆட்சிப்பகுதிகளான அங்குவிலா, மான்செராட் ஆகிய இரண்டும் இந்த நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. (டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. பின்னதில் பெசோ. பணம் அனுப்பும் படிவத்தில் நாட்டின் பெயரை மாற்றி எழுதிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) எட்டுக்கும் ஒரே மத்திய வங்கி, 1983இல் தொடங்கியது, தலைமையகம் செயின்ட் கிட்ஸின் பாஸ்டெர் நகரில். பழைய தாள்களில் எண்ணை ஒட்டி வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும். எந்தத் தீவின் பெயரில் வெளியிட்டது என்பதற்கான அடையாளம் அது. கிரெனடாவின் எழுத்து போட்ட தாள் அங்குவிலாவிலும் அதே மதிப்புக்குச் செல்லும்.

2024 டி20 உலகக் கோப்பையில் நியூயார்க்கிலிருந்து இந்திய அணியைத் தொடர்ந்து போன ரசிகரின் பையை நினைத்துப் பாருங்கள். பார்படாஸில் ஆப்கானிஸ்தானுடன் ஆட்டம், அங்கே பார்படாஸ் டாலர். ஆன்டிகுவாவில் வங்கதேசம், செயின்ட் லூசியாவில் ஆஸ்திரேலியா, இரண்டிலும் ஈ.சி. அரையிறுதி கயானாவில், கயானா டாலர். இறுதிப் போட்டிக்கு மறுபடியும் பார்படாஸ். இத்தனைக்கும் பார்படாஸும் கயானாவும் ஒரு காலத்தில் இதே நாணயத்தைப் புழங்கியவைதான். கயானா 1966இல் சொந்த நாணயம் வெளியிட்டபோது ஒரு கயானா டாலருக்கு ஒரு ஈ.சி. டாலர். இன்று ஒரு அமெரிக்க டாலருக்கு இருநூறு கயானா டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிந்த பார்படாஸ் மட்டும், ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு என்ற கணக்கை 1975 முதல் காப்பாற்றி வருகிறது.

ஈ.சி. டாலர் 1965இல் வந்தது. முதலில் ஒரு பவுண்டுக்கு 4.80 என்று பிரிட்டிஷ் நாணயத்தோடு கட்டியிருந்தார்கள். பவுண்டு சரிந்துகொண்டிருந்த 1976 ஜூலையில் அமெரிக்க டாலருக்கு மாறி 2.70 என்று வைத்தார்கள். அதன்பின் அந்த எண் மாறவே இல்லை. 2004இல் ஐவன் புயல் கிரெனடாவில் ஏற்படுத்திய சேதம் அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எரிமலைச் சீற்றத்தால் மான்செராட்டின் தலைநகரம் பிளிமத்தையே கைவிட்டுப் போனார்கள். அப்போதும் 2.70தான்.

இதற்குக் காரணம் செழிப்பு அல்ல, கட்டுப்பாடு. வெளியிட்ட பணத்துக்கும், கேட்டதும் கொடுத்தாக வேண்டிய பாக்கிகளுக்கும் குறைந்தது 60 விழுக்காடு அந்நியச் செலாவணிக் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். பல ஆண்டுகளாக அது 90 விழுக்காட்டுக்கு மேலேயே இருந்து வருகிறது. உறுப்பு அரசுகளுக்கு மத்திய வங்கி தரும் கடனுக்கு வரம்பு உண்டு. நாணய மதிப்பை மாற்ற வேண்டுமானால் உறுப்பு அரசுகளின் அமைச்சர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். தேர்தல் நெருங்குகிறது என்று எந்த முதலமைச்சரும் பிரதமரும் தன் தீவுக்கு மட்டும் நோட்டு அடித்துக்கொள்ள முடியாது. சின்னத் தீவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் அபிப்பிராயம். நமக்கு இதன் பொருள் வேறு: ரூபாயில் செலவழிப்பவருக்கு ஈ.சி.யின் ஏற்ற இறக்கம் என்று தனியாக எதுவும் இல்லை. டாலருக்கு எதிராக ரூபாய் எவ்வளவு சரிகிறதோ, ஈ.சி.க்கு எதிராகவும் அதே அளவுதான்.

இவ்வளவு சொன்னதும் அடுத்த தவறு வரும்: "நாணயம் இவ்வளவு உறுதியானது என்றால் அங்கே பணம் போட்டு வைக்கலாமே?" உலை ஒன்று, கடன் தனித்தனி என்று வாழும் கூட்டுக் குடும்பம் இது. மத்திய வங்கி பொது. கஜானா பொது அல்ல. 2004இல் டொமினிக்கா, 2005இல் கிரெனடா, 2012இல் செயின்ட் கிட்ஸ், 2015இல் மறுபடி கிரெனடா என்று அரசுகள் வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாமல் மறுசீரமைத்திருக்கின்றன. கடைசி இரண்டிலும் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களில் பலர் அசலில் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். அதே நாட்களில் சட்டைப் பையில் இருந்த நோட்டின் மதிப்பு ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

வங்கிகளிலும் அப்படித்தான். ஆன்டிகுவாவில் ஆலன் ஸ்டான்ஃபோர்டு என்ற அமெரிக்கருக்கு இரண்டு வங்கிகள் இருந்தன. 2008இல் இங்கிலாந்து அணிக்கு எதிராக 2 கோடி டாலர் பந்தயப் பணத்தில் ஒரு டி20 ஆட்டம் நடத்தியவர் அவர்தான். ஒன்று உள்ளூர் மக்கள் ஈ.சி. டாலரில் கணக்கு வைத்திருந்த பேங்க் ஆஃப் ஆன்டிகுவா. மற்றது வெளிநாட்டாரிடம் அமெரிக்க டாலரில் வைப்புத்தொகை வாங்கிய ஸ்டான்ஃபோர்டு இன்டர்நேஷனல் பேங்க். இது கிழக்குக் கரீபியன் மத்திய வங்கியின் மேற்பார்வையில் இல்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் மோசடி வழக்குத் தொடுத்ததும் முதல் வங்கியின் வாசலில் கூட்டம் கூடியது. மத்திய வங்கி சில நாட்களுக்குள் அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. பிறகு வட்டார வங்கிகள் சேர்ந்து அதை நடத்தின, வைப்புதாரர்களின் பணம் தப்பியது. இரண்டாவது வங்கி 700 கோடி டாலர் மோசடியாக முடிந்தது. ஸ்டான்ஃபோர்டுக்கு 2012இல் 110 ஆண்டுச் சிறை. ஒரே தீவு, ஒரே முதலாளி. உரிமம் யார் கொடுத்தது, மேற்பார்வை யாருடையது என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். கூடுதல் வட்டி தருவதாகக் கரீபியன் தீவுப் பெயர் போட்டு விளம்பரத் தாளைக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

டிகேஷ் என்ற எண்ம (டிஜிட்டல்) நாணயத்தையும் இந்த மத்திய வங்கி 2021 மார்ச்சில் சோதனையாக வெளியிட்டது. மறு ஆண்டு தொடக்கத்தில் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் ஏறத்தாழ இரண்டு மாதம் முடங்கியது. 2024 ஜனவரியில் சோதனை முடிந்துவிட்டது. பழைய வலைப்பக்கம் பார்த்துவிட்டு அந்தச் செயலியைத் தேடாதீர்கள்.

போகிறவர்கள் அமெரிக்க டாலர் நோட்டுகளையே கொண்டு போகலாம். பெரும்பாலான கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கடைக்காரர் 2.70க்குப் பதில் 2.60 என்று கணக்கிடுவதும், மீதியை ஈ.சி.யில் தருவதும் வழக்கம். சிறிய நோட்டுகள் கொண்டு போனால் மீதிச் சில்லறை குறையும். கார்டு இயந்திரம் ரூபாயிலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் கடைக்காரரின் வங்கி வைத்ததாகிவிடும்.

ஊர் திரும்பியதும் 180 நாட்களுக்குள் மீதமான அந்நிய நோட்டுகளை ஒப்படைக்க வேண்டும், 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஈ.சி. நோட்டைக் கொண்டு வந்தால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. எங்கள் விலைப்பட்டியலிலேயே அது இல்லை. எட்டுத் தீவுகளில் கடைசியாக எதிலிருந்து விமானம் ஏறுகிறீர்களோ, அங்கேயே செலவழித்துவிடுங்கள், அல்லது வங்கியில் டாலராக மாற்றிவிடுங்கள்.