கூர்மாயூரில் திறக்கப்போகும் பை

மோன் பிளாங் மலைத்தொடரைச் சுற்றி வரும் யூ.டி.எம்.பி. (அல்ட்ரா-டிரெயில் டு மோன் பிளாங்) மலைப்பாதை ஓட்டம் 2003-இல் தொடங்கியது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள், 170 கிலோமீட்டருக்கு மேல் தூரம், ஏறத்தாழ 10,000 மீட்டர் ஏற்றம், 46 மணி 30 நிமிடக் கால வரம்பு. இத்தனைக்கும் நடுவே ஓடுபவருக்கு ஏற்பாட்டாளர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ட்ராப் பேக் (முன்கூட்டியே ஒப்படைக்கும் மாற்றுப் பொருள் பை) ஒன்றே ஒன்றுதான். அது காத்திருக்கும் இடம் ஏறத்தாழ 80-ஆவது கிலோமீட்டரில் உள்ள இத்தாலியின் கூர்மாயூர்.

ஓட்டம் தொடங்கி முடியும் பிரான்ஸின் ஷமோனியில் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, 42 முதல் 45 மணி நேரத்தில் முடிக்கத் திட்டமிடும் ஒருவர் அங்கே சேர்வது சனிக்கிழமை முற்பகலில். ஒரு இரவு முழுக்கத் தூக்கமில்லை. 2,500 மீட்டரை ஒட்டிய கணவாய்களைக் கடந்தாயிற்று. தொடைகள் கடைசி இறக்கத்தில் நொந்திருக்கும். இனிப்பின் வாசனையே குமட்டும், விரல்கள் சொன்னபடி கேட்காது, எளிய கழித்தல் கணக்குகூடத் தடுமாறும். வீட்டில் நிதானமாக உட்கார்ந்து பையைக் கட்டும் ஆள் வேறு, அதைத் திறக்கும் ஆள் வேறு. திறப்பவருக்கு யோசிக்க எதையும் மிச்சம் வைக்காமல் கட்டுவதுதான் இந்த வேலை. எங்களிடம் ஆலோசனைக்கு வரும் ஓட்டக்காரர்கள் காட்டும் பட்டியல்களில் பொருள்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எதை எப்போது எடுப்பது, எந்த வரிசையில் செய்வது என்ற முடிவுகள்தான் விடுபட்டிருக்கும்.

முதலில், பைக்குள் போகவே கூடாதவை. கட்டாய உபகரணப் பட்டியலில் உள்ள எதையும் அதில் வைக்காதீர்கள். தொப்பியுள்ள மழைச்சட்டை, 1.40 × 2 மீட்டர் அவசரப் போர்வை, விசில், ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி ஆகியவை தொடக்கம் முதல் முடிவு வரை முதுகில் இருக்க வேண்டும். வழியில் எங்கு வேண்டுமானாலும் சோதிப்பார்கள். அதைவிட முக்கியம், மலையில் வானிலை உங்கள் பை இருக்கும் இடம் பார்த்து மாறாது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தும் இப்படித்தான். இன்ஹேலரோ இன்சுலினோ பையில் இருக்கலாம், ஆனால் அது இரண்டாவது பிரதியாக இருக்க வேண்டும். பை தாமதமாகலாம், வேறு எண்ணின் வரிசைக்குப் போயிருக்கலாம். அது கிடைக்காவிட்டாலும் ஓட்டத்தைத் தொடர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ஏதோ ஒன்று தவறான இடத்தில் இருக்கிறது.

உணவுக் கணக்கு

கூர்மாயூரிலிருந்து ஷமோனிக்குத் திரும்ப 25 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிராம் மாவுச்சத்து என்றால் மொத்தம் 1,250 கிராம். முழுவதையும் சுமப்பது வீண். வழியிலுள்ள ஷாம்பே, ட்ரியான், வலோர்சின் போன்ற உணவு நிலையங்களில் வாழைப்பழம், ரொட்டி, கோலா, நூடுல்ஸ் சூப் கிடைக்கும். பாதியை அங்கே விட்டுவிட்டால் சுமக்க வேண்டியது ஏறத்தாழ 600 கிராம் மாவுச்சத்து. ஒரு ஜெல்லில் (பொட்டலத்திலிருந்து உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்) 25 கிராம் இருந்தால் 24 ஜெல். அதை அப்படியே 24 ஜெல்லாக வைப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. பத்து மணி நேரத்துக்கு மேல் ஜெல் மட்டுமே விழுங்க வாய் சம்மதிப்பதில்லை. 10 ஜெல், 8 பானப் பொட்டலம், மீதிக்கு மெல்லும் உணவு என்று பிரித்தால் எல்லாம் தீர வாய்ப்புண்டு.

மணிக்கு 50 ஏன், 90 ஏன் இல்லை? குளுக்கோஸை உறிஞ்சும் குடல் வாயில்கள் மணிக்கு ஏறத்தாழ 60 கிராமில் நிரம்பிவிடுகின்றன. ஃபிரக்டோஸுக்குத் தனி வாயில் இருப்பதால் இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம். ஆனால் அது பழகிய வயிற்றுக்கு மட்டும். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுகிறது, குடலுக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. உறிஞ்சப்படாத சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும், அதுதான் உப்புசமும் வயிற்றுப்போக்கும். ஆகவே ஓட்டத்துக்கு 8 வாரம் முன்பே நீண்ட ஓட்டங்களில் மணிக்கு 30 கிராமில் தொடங்குங்கள். வாரத்துக்குச் சுமார் 10 கிராம் ஏற்றி, எந்த அளவில் வயிறு முரண்டு பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு படி கீழே உள்ள எண்தான் உங்கள் எண். அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்கினால் இரண்டாம் இரவில் அது வாந்தியாக வெளியே வரும்.

பானப் பொட்டலத்தை வீட்டிலேயே செய்யலாம். 500 மி.லி. குடுவைக்குச் சாதாரணச் சர்க்கரை 20 கிராம், கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி 10 கிராம், உப்பு 1 கிராம், சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை. சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்பதால் இந்தக் கலவையில் இரண்டும் 2:1 விகிதத்தில் அமையும். 1 கிராம் உப்பில் ஏறத்தாழ 390 மி.கி. சோடியம் இருக்கிறது. சமையலறைத் தராசு கட்டாயம், கண்ணளவு வேண்டாம். குளுக்கோஸ் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும் என்பதால் இரட்டை ஜிப் கவரில் கட்டுங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொடியை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. அது வயிற்றுப்போக்குக்காக வகுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே, உப்பு ஈடாகும், பசி ஆறாது.

புளியோதரை வேண்டாம், அவல் போதும்

தமிழ் ஓட்டக்காரர்கள் பலர் கேட்பது புளியோதரை. புளியும் எண்ணெயும் சேர்வதால் பயணத்துக்குத் தாங்கும் உணவு என்ற நம்பிக்கை நமக்குப் பரம்பரையாக உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். பையை ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒப்படைக்கிறீர்கள், மறுநாள் முற்பகல்தான் திறக்கிறீர்கள். வேகவைத்த சோறு குளிர்பதனம் இல்லாமல் 18 மணி நேரமோ அதற்கு மேலோ கிடக்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாதாரண நாளில் ஒரு வாந்தியோடு போகும் விஷயம், ஏற்கெனவே ரத்தம் குறைந்த குடலில் ஓட்டத்தையே முடித்துவிடும். தயிர்சாதம், இட்லி, அவித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: பையில் வைக்கும் உணவில் ஈரம் இருக்கக் கூடாது, அல்லது ஆலையில் அடைத்த உறை பிரிக்காமல் இருக்க வேண்டும்.

நம்மிடம் இதற்கு அருமையான பொருள் ஒன்று இருக்கிறது. மெல்லிய அவல் 60 கிராமில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து. முற்றிலும் உலர்ந்தது, நார் குறைவு, வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் மெத்தென்றாகிவிடும். உப்பு, பெருங்காயம், உலர்ந்த எலுமிச்சைப் பொடி கலந்து ஒரு கவர், வெல்லத்தூள் கலந்து இன்னொரு கவர் என்று இரண்டு வையுங்கள். எந்தச் சுவைக்கு மனம் வரும் என்பது அங்கே போனால்தான் தெரியும். யூ.டி.எம்.பி. நிலையங்களில் காகிதக் குவளை தர மாட்டார்கள். உங்கள் குவளை முதுகுப் பையில் இருக்கும், ஆனால் கரண்டியை மறந்துவிடுவீர்கள். கவரோடு ஒரு கரண்டியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

இனிப்பு வெறுத்தவருக்கு உப்பு தடவிய உலர் நெல்லிக்காய், உருளைக்கிழங்கு சிப்ஸ் இரண்டும் கைகொடுக்கும். கடலை மிட்டாய் நல்ல உணவுதான், ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் இரைப்பையை விட்டு மெல்லத்தான் நகரும். ஏற்றத்தில் மெதுவாக நடக்கும்போது சாப்பிடலாம், இறக்கத்துக்குச் சற்று முன்பு கூடாது. பேரீச்சம்பழம் மலிவும் நிறைவுமானது. அதன் நாரை நினைத்து, பயிற்சியில் தாங்கிய அளவோடு நிறுத்துங்கள். ஊறுகாய் ஆசைக்குச் சிறு பாக்கெட் ஒன்று வைக்கலாம். ஆனால் மிளகாய் எரிச்சல் களைத்த இரைப்பைக்கு நல்லதல்ல.

சைவம் சாப்பிடுபவர்கள் நிலையத்துச் சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். அதை நம்பியே இரவைத் திட்டமிடாமல், சூப் தூள் நாலு பாக்கெட் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு இன்னொன்று: பால், இறைச்சிப் பொருள்களைப் பயணப் பெட்டியில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியமும் சுவிட்சர்லாந்தும் அனுமதிப்பதில்லை. பால்கோவாவும் நெய்யும் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். அவற்றை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். பெயர் எழுதாத வெள்ளைப் பொடிப் பொட்டலங்களும் கேள்வியை வரவழைக்கும். கடை உறையோடு கொண்டுபோய் அங்கே பிரித்துக் கட்டுங்கள்.

தண்ணீர், உப்பு, மருந்து

வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும், அதனால் எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. மணிக்கு 300 முதல் 600 மி.கி. சோடியம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. உப்பு குறைவதைவிட ஆபத்தானது தாகமில்லாமலே குடித்துக்கொண்டிருப்பது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் நிலையை உப்பு மாத்திரை மட்டும் தடுக்காது, அளவுக்கு மீறிய தண்ணீர்தான் முதன்மைக் காரணம். மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், தொடக்கத்தைவிட உடல் எடை கூடுவது எல்லாம் அடையாளங்கள். இவற்றை நீரிழப்பு என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பதால் உயிர்களே போயிருக்கின்றன. குழப்பமாகப் பேசும் ஓட்டக்காரரை உட்கார வைத்து மருத்துவக் குழுவிடம் ஒப்படையுங்கள்.

பையில் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை இருந்தால் எடுத்துவிடுங்கள். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. நீர் குறைந்து, தசைச் சிதைவுப் பொருள்கள் ரத்தத்தில் ஓடும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இந்த மாத்திரைகள் மேலும் குறைக்கின்றன. சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும்.

வாந்தி வந்துவிட்டால் பதறி உடனே ஜெல்லைத் திணிக்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, உடம்பைக் குளிரவைத்து, பத்து நிமிடம் எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளியுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர். அது தங்கினால் நீர்த்த கோலாவோ சூப்போ, அதன் பிறகே மெல்லும் உணவு. ஒரு மணி நேரம் இழப்பீர்கள், ஓட்டம் கையில் இருக்கும்.

காஃபீனை இரண்டாம் இரவுக்குச் சேமியுங்கள். உடனடிக் காபித்தூள் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 60 மி.கி. இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 50 முதல் 100 மி.கி. போதும். ஒரேயடியாக 200 போட்டால் முதலில் நெஞ்சு படபடக்கும், அடுத்துக் குடல் கழிப்பறையைத் தேடும்.

கட்டும் விதம்

பையை மூன்று ஒளி ஊடுருவும் கவர்களாகப் பிரியுங்கள். முதலாவது ‘உடனே’: அவல், கரண்டி, பவர் பேங்க், முதுகில் உள்ளவை போக, முழுதாக ஏற்றிய இன்னொரு ஹெட்லேம்ப் பேட்டரி. இரண்டாவது ‘கால்’: சிறு துண்டு, கிரீம், ஜிங்க் ஆக்சைடு டேப் (தோலில் ஒட்டும் நாடா), கத்தரி, இரண்டு ஜோடி காலுறை. மூன்றாவது ‘எடுத்துப் போக’: எண்ணி வைத்த ஜெல், பானப் பொட்டலங்கள். மாற்றுச் சட்டையும் ஷூவும் அடியில். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஒரு அட்டை, அதில் வரிசை மட்டும்:

பேட்டரி மாற்று. கடிகாரத்தை சார்ஜில் போடு. அவலில் வெந்நீர் ஊற்று. ஷூவைக் கழற்று. சாப்பிடு. காலைத் துடை, டேப் ஒட்டு. காலுறை, ஷூ மாட்டு. சட்டை மாற்று. குடுவை நிரப்பு. மூன்றாவது கவரை முதுகுப் பைக்கு மாற்று. குப்பையைப் போடு. கிளம்பு.

ஷூவைச் சாப்பாட்டுக்கு முன்பே கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நனைந்து வெளுத்துச் சுருங்கிய தோலில் டேப் ஒட்டாது, ஒட்டினாலும் அரை மணியில் சுருண்டு அதுவே கொப்புளம் போடும். சாப்பிடும் பத்து நிமிடமும் பாதம் காற்றில் உலர வேண்டும். இரண்டாவது ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், 80 கிலோமீட்டருக்குப் பிறகு பாதம் வீங்கியிருக்கும். ஆனால் அது புத்தம் புதியதாக இருக்கக் கூடாது. குறைந்தது 50 கிலோமீட்டராவது அதில் ஓடியிருக்க வேண்டும்.

இந்த வரிசைக்கு 25 நிமிடம் போதும். அட்டை இல்லாதவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, குடுவையை நிரப்ப மறந்து அடுத்த ஏற்றத்துக்குக் கிளம்புவது வழக்கமாக நடக்கிறது. கூர்மாயூரை விட்டதும் பெர்தோன் ஓய்வில்லம் வரை செங்குத்தான ஏற்றம், வெயிலும் உச்சிக்கு வந்திருக்கும்.

ஒத்திகை ஒன்று கட்டாயம். ஓட்டத்துக்கு ஐந்து வாரம் முன், ஒரு வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஏழெட்டு மணி நேரம் ஓடி நடந்துவிட்டு, விடியலில் இந்தப் பையைத் திறந்து அட்டைப்படி செய்து பாருங்கள், கடிகாரத்தை ஓடவிட்டு. எந்தக் கவரைத் தேடினீர்கள், எதை வாயில் வைக்க முடியவில்லை என்பதை அன்றே எழுதுங்கள்.

ஓட்டம் முடிந்து பை திரும்ப வந்ததும் துணியைத் துவைக்கப் போடுவதற்கு முன் மிச்சத்தை எண்ணுங்கள். முதுகுப் பையில் பத்து ஜெல்லில் ஏழு அப்படியே இருக்கிறதா, அவல் இரண்டும் தீர்ந்ததா, காலுறை ஒன்று பிரிக்காமல் கிடக்கிறதா என்று குறித்து, அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.